‘சட்டம் இயற்றப்படுவதாகுக’: சட்டமொழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சட்ட ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். அது தெரிந்தவுடன் நண்பர்களும் உறவினர்களும் கையில் ஏதாவது ஒரு தாளோடு வந்து நிற்பார்கள். “இதைப் படித்தால் தலை சுற்றுகிறது, மனிதன் பேசுகிற மொழியில் எழுத மாட்டார்களா?” என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதிலிருந்து கிளைத்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். இங்கே இருப்பது மொழியைப் பற்றிய பேச்சு.

சட்டத்தின் தொடக்கத்தில் ‘பின்வருமாறு சட்டம் இயற்றப்படுவதாகுக’ என்று ஒரு வரி வருகிறதே, அது எதற்கு?

அந்த வரிக்கு மேலே இருப்பது பெயரும் முகவுரையும். கீழே இருப்பதுதான் சட்டம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் வாசற்படி அது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தியக் குடியரசின் ஐம்பத்தாறாம் ஆண்டில் நாடாளுமன்றத்தால் பின்வருமாறு சட்டம் இயற்றப்படுவதாகுக’ என்ற கருத்தில் அதன் வரி அமைந்திருக்கிறது. யார் இயற்றினார்கள், எப்போது இயற்றினார்கள், எதை இயற்றினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரே மூச்சில் பதில் இருக்கிறது. அமைச்சர் மேடையில் சொன்னதும், துறை அனுப்பிய சுற்றறிக்கையும் சட்டமல்ல. சட்டம் இயற்றும் அதிகாரம் பெற்ற அவை இதைச் சொல்கிறது என்று பெயர் போட்டுச் சொல்லும் வரி இது.

பெயர் மாறினால் வரியும் மாறும். தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 வரை மேலவை இருந்தது. அதுவரை வந்த சட்டங்களின் ஆங்கில வாசகத்தில் ஈரவைகளையும் குறிக்கும் ‘சட்டமன்றம்’ என்ற பொதுச்சொல் இருக்கும். மேலவை போன பிறகு ‘சட்டமன்றப் பேரவை’ என்று குறிப்பாக எழுதினார்கள். ஓர் அவையே மறைந்துபோன வரலாறு அந்த ஒற்றைச் சொல் மாற்றத்தில் பதிந்திருக்கிறது.

‘ஆகுக’ என்பது என்ன தமிழ்? ‘இயற்றப்படுகிறது’ என்றால் போதாதா?

இலக்கண வகுப்பில் படித்த வியங்கோள் வினைமுற்றுதான் இது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்ற நான்கு வேலைக்கும் அது வரும் என்று நம் ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். ‘வாழ்க’ முதல் வகை, ‘ஒழிக’ இரண்டாம் வகை. இந்த இரண்டிலும் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. சட்டம் பயன்படுத்துவது மூன்றாம் வகை. நடந்ததைத் தெரிவிக்கிற வினை அன்று இது. சொல்வதாலேயே ஒன்றை நடத்திவைக்கிற வினை.

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ‘பின்வருமாறு சட்டம் இயற்றப்படுகிறது’ என்ற பொருள்படும் நேர்வினையோடுதான் தொடங்கியது. அதனால் அதன் பலம் எள்ளளவும் குறையவில்லை. நூற்றறுபது ஆண்டுக்கு மேல் நாட்டையே ஆட்டிவைத்தது.

2005 என்று எழுதினால் போதுமே, ‘குடியரசின் ஐம்பத்தாறாம் ஆண்டு’ எதற்கு?

இது மன்னர் காலத்து மிச்சம். இங்கிலாந்தில் சட்டங்களை அரசரின் ஆட்சியாண்டைக் கொண்டு எண்ணினார்கள். அந்த எண்முறை 1962இல் இயற்றிய ஒரு சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது. நாம் அரசரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குடியரசை வைத்துக்கொண்டோம். கணக்கு எளிது: 1950 ஜனவரி 26 அன்று முதலாம் ஆண்டு தொடங்கியது. ஆகவே நடப்பு ஆண்டிலிருந்து 1949ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி 26க்கு முந்தைய தேதி என்றால் இன்னும் ஒன்றைக் குறைக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2023 டிசம்பரில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா எழுபத்து நான்காம் ஆண்டுச் சட்டம்.

இதை ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர்ச்சபைத் தேர்தலுக்கான விதிகள் கல்வெட்டாக இருக்கின்றன. ‘மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு பன்னிரண்டாவது’ என்று அரசன் பெயரோடும் ஆட்சியாண்டோடும் தொடங்கி, ‘சபையோம்’ என்று விதி செய்தவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டு, பிறகுதான் விதிக்குள் போகிறது. மதுரையை வென்ற அந்தக் கோப்பரகேசரி முதலாம் பராந்தகன். ஆண்டு ஏறத்தாழ 919. இரண்டு ஆண்டு கழித்து அதே சபை விதியைத் திருத்தி இன்னொரு கல்வெட்டு வெட்டியது. வேட்பாளரின் வயது வரம்பு முப்பது முதல் அறுபது என்று இருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாறியது. இன்றைய மொழியில் அதற்குத் திருத்தச் சட்டம் என்று பெயர். யார், எப்போது, எதை என்ற அதே மூன்று பதில்கள் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் இருக்கின்றன.

பிரிட்டனில் இந்த வரி இன்னும் நீளமாமே?

ஆமாம். ஏறத்தாழ இப்படித் தமிழாக்கலாம்: ‘மாட்சிமை மிகுந்த மன்னரால், இந்த நாடாளுமன்றத்தில் கூடியுள்ள சமயப் பிரபுக்கள், உலகியல் பிரபுக்கள், பொதுமக்கள் அவையினர் ஆகியோரின் ஆலோசனையோடும் இசைவோடும், அந்த நாடாளுமன்றத்தின் அதிகாரத்தாலும், பின்வருமாறு சட்டம் இயற்றப்படுவதாகுக.’ 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் மறைந்ததும் ‘அரசியார்’ இருந்த இடத்தில் ‘மன்னர்’ வந்தார். மன்னரின் ஒப்புதலைப் பிரபுக்கள் அவையில் இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சில்தான் அறிவிக்கிறார்கள். ‘மன்னர் அதை விரும்புகிறார்’ என்பது அதன் பொருள்.

அலங்காரமாகத் தெரிந்தாலும் இதில் ஒவ்வொரு பெயரும் ஒரு கையொப்பம். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரபுக்கள் ஏற்க மறுத்தார்கள். 1911, 1949ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்களைக் கொண்டு அவர்களைத் தாண்டி அதை நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டத்தின் தொடக்க வரியில் இரு வகைப் பிரபுக்களையும் காணோம். இசைவு தராதவர் பெயரைப் போடவில்லை.

இன்னொரு செய்தி. 1850க்கு முன்பு அங்கே சட்டத்தின் தலையில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் ‘மேலும் சட்டம் இயற்றப்படுவதாகுக’ என்று எழுதிவந்தார்கள். நூறு பிரிவு என்றால் நூறு முறை. 1850இல் சட்ட வாசகத்தைச் சுருக்குவதற்கென்றே ஒரு சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். ஒரு தடவை சொன்னால் போதும் என்பதைச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

இந்த வரியை எழுத மறந்துவிட்டால் சட்டம் செல்லாதா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசமைப்புச் சட்டமே இந்த வரியைச் சொல்லுக்குச் சொல் வகுத்துத் தந்திருக்கிறது. அங்கே விடுபட்டால் வம்புதான். அந்நாட்டுக் கீழவையில் ஒரு மசோதாவைக் கொல்ல விரும்புபவர் இந்த வரியை மட்டும் நீக்கும்படி தீர்மானம் கொண்டுவரலாம். தலை போனால் உடல் நிற்காது என்ற கணக்கு. இந்திய அரசமைப்புச் சட்டம் அப்படி எந்த வாசகத்தையும் வகுக்கவில்லை. அவையில் நிறைவேறுவதும் ஒப்புதல் பெறுவதுமே இங்கே முக்கியம்.

சரி, ஒரே வாக்கியம் அரைப்பக்கம் ஓடுவது ஏன்?

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தமிழாக்கம் என்னுடையது:

‘1923ஆம் ஆண்டு அலுவல்முறை இரகசியங்கள் சட்டத்திலும், அப்போதைக்கு நடைமுறையில் உள்ள வேறு எந்தச் சட்டத்திலும், இச்சட்டம் அல்லாத வேறு எந்தச் சட்டத்தின் பயனாகவும் செயல்திறம் கொண்டுள்ள எந்த முறையாவணத்திலும், இச்சட்டத்தோடு முரண்படுவதாக எது அடங்கியிருந்தபோதிலும், இச்சட்டத்தின் வகைமுறைகள் செயல்திறம் உடையவையாதல் வேண்டும்.’

பேச்சுத் தமிழில் இதை ‘மற்ற சட்டம் என்ன சொன்னாலும் இதுதான் செல்லும்’ என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்காததற்குக் காரணம், எதிரே உட்கார்ந்திருப்பவர். தகவல் கேட்டு மனு போடுகிறீர்கள். தர மனமில்லாத ஓர் அலுவலர் அங்கே இருக்கிறார். அவர் எந்தெந்தக் கதவு வழியாகத் தப்பிக்கலாம் என்று யோசித்து, ஒவ்வொரு கதவையும் இந்த வாக்கியம் சாத்துகிறது.

‘இது இரகசியம்’ என்பார். அதற்காக 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர் சொல்லியே முதலில் வைத்தார்கள். ‘வேறொரு சட்டம் தடுக்கிறது’ என்பார். ‘வேறு எந்தச் சட்டத்திலும்’ வந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் ‘அப்போதைக்கு’ என்பதைப் பலரும் வெறும் ஒட்டுச்சொல் என்று தாண்டிப் போகிறார்கள். அதை எடுத்துவிட்டால், 2005இல் நடைமுறையில் இருந்த சட்டங்களை மட்டும்தான் இது குறிக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். ‘அப்போதைக்கு’ என்றால் கேள்வி எழுகிற நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அது. பின்னால் வரும் சட்டமும் இந்த வலைக்குள் விழும். கடைசியாக அவர் ‘எங்கள் துறை விதியில் இடமில்லை’ என்று சொல்லக்கூடும். விதியும் உத்தரவும் வேறொரு சட்டத்தின் பயனாக உயிர்பெற்ற ‘முறையாவணம்’. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

இத்தனைக்குப் பிறகும், தகவல் மறுக்க இந்தச் சட்டமே தன் 8ஆம் பிரிவில் வைத்திருக்கும் விலக்குகள் அப்படியே நிற்கின்றன. ‘இச்சட்டத்தின் வகைமுறைகள்’ என்பதில் அவையும் அடக்கம். அலுவலருக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான கதவு அது.

கதை படிப்பவர் எழுத்தாளர் சொல்வதைப் புரிந்துகொள்ள முயல்கிறார். சட்டத்தைப் படிப்பவர்களில் ஒருவராவது அதைத் தவறாகப் புரிந்துகொள்ள முயல்கிறார். அவருக்காகத்தான் வாக்கியம் நீள்கிறது.

‘பொருள்படும்’, ‘உள்ளடக்கும்’ என்று சொல்லுக்கெல்லாம் விளக்கம் தருவது அதிகப்படி இல்லையா?

இரண்டும் ஒன்றல்ல. ‘பொருள்படும்’ என்றால் வேலி போட்டாயிற்று, வேறெதுவும் உள்ளே வராது. ‘உள்ளடக்கும்’ என்றால் வழக்கமான பொருளோடு இதையும் சேர்த்துக்கொள் என்று பொருள். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், ‘நபர்’ என்ற சொல் கம்பெனியையும் சங்கத்தையும் உள்ளடக்கும் என்கிறது. மனிதர் வெளியே போகவில்லை, கம்பெனி கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

விளக்கம் ஏன் தேவை என்பதற்கு ‘நல்லெண்ணம்’ ஒரு நல்ல சான்று. அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கவனக்குறைவாகவே செய்திருந்தாலும் உள்ளபடியே நேர்மையாகச் செய்திருந்தால் அது நல்லெண்ணம்தான். இந்தியத் தண்டனைச் சட்டமோ, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்றது; அதன் இடத்துக்கு வந்த நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. ஒரே சொல், ஒரே நாடு. ஒரு சட்டத்தில் தப்பிப்பவர் மற்றொன்றில் மாட்டிக்கொள்வார். விளக்கப் பிரிவைத் தாண்டிவிட்டுப் படிப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

ஒரு காற்புள்ளியால் வழக்கு முடிந்த கதை உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேரச் சம்பளம் தரத் தேவையில்லாத வேலைகளை ஒரு சட்டம் அடுக்கியிருந்தது. உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது, சேமிப்பது என்று போன பட்டியலின் கடைசித் துண்டில் சிக்கல். ‘அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ பொதிவது’ என்றும் அதைப் படிக்கலாம். ‘அனுப்புவதற்காகப் பொதிவது, வினியோகிப்பது’ என்று இரண்டு வேலையாகவும் படிக்கலாம். நடுவில் காற்புள்ளி இல்லை. பால் வண்டி ஓட்டுநர்கள் வினியோகிக்கிறார்கள், பொதிவதில்லை. முதல் பொருள் சரியென்றால் அவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் உண்டு. வாசகம் தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்திக்கொண்டது.

மேலே நான் அதைத் தமிழில் எழுதியபோது என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? இரண்டு பொருளுக்கும் இரண்டு வாக்கியம் எழுத வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் ஒரே தொடர் இரண்டு பக்கமும் தலையாட்டும். தமிழில் ‘ஓ’ எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுகிறதோ அங்கேயே கணக்கு தீர்ந்துவிடும். மொழிபெயர்க்கும்போது இதுதான் எங்களுக்கு ஆபத்தும்கூட. மூலத்தில் தீராத குழப்பத்தைத் தமிழ் தானாகத் தீர்த்துவைத்துவிடும். தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்லவே.

சட்டத்தில் ஆண்பால் மட்டும்தான் வருமா?

ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதிவந்தார்கள். ஆண்பால் சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்லி வைத்தது. தமிழில் ‘அவர்’ இருப்பதால் எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

வீட்டுப் பத்திரத்தில் வரும் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ போன்றவையும் இதே வகைதானா?

பழைய கிரயப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று இருக்கும். மந்திரம்போல ஒலித்தாலும் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. மகனுக்கும் பேரனுக்கும் வழிவழியாகச் சேரும். தானமாகக் கொடுக்கலாம், பண்டமாற்றாகத் தரலாம், விற்கலாம். வாங்கியவர் கையில் வந்தது முழு உரிமையா, ஆயுள் வரைக்குமான அனுபவமா என்ற சந்தேகத்தை அந்த வரி தீர்த்தது.

ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், வேறு எண்ணம் தெரியாதவரை, விற்றவருக்கு அந்தச் சொத்தில் இருந்த உரிமை முழுவதும் வாங்கியவருக்குப் போய்ச் சேரும் என்று 8ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வரி பாரம் சுமக்கவில்லை. விட்டுவிட யாருக்கும் துணிச்சல் வராததால்தான் இருக்கிறது. எல்லாச் சட்டமொழியையும் நான் இப்படித்தான் இரண்டாகப் பிரிப்பேன். ‘அப்போதைக்கு’ பாரம் சுமக்கும் சொல். ‘புத்திர பௌத்திர’ ஓய்வு பெற்ற சொல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உடுப்பில்தான் நிற்கின்றன.

தமிழில் வெளியாகும் சட்டப் பாடம், அதாவது சட்ட வாசகம், நீதிமன்றத்தில் செல்லுமா?

மத்தியச் சட்டங்களுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் தமிழாக்கம் அந்த மொழியில் அதிகாரமுள்ள பாடம். கடைத்தெருவில் விற்கும் தமிழ்ச் சட்டப் புத்தகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. மாநிலச் சட்டங்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பைப் பார்க்க வேண்டும். மாநில மொழியில் சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கிலத்தில் அதிகாரமுள்ள பாடம் என்கிறது அது.

இலங்கைத் தமிழில் சட்டச் சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

நிறையவே வேறு. நம் ‘சட்டமுன்வடிவு’ (மசோதா) அங்கே ‘சட்டமூலம்’, ‘அரசிதழ்’ அங்கே ‘வர்த்தமானி’. அங்கே சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரைப்பதோடு அது சட்டமாகிவிடும். சட்டத்தின் முடிவில் வழக்கமாக ஒரு பிரிவு வரும்: சிங்களப் பாடத்துக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் முரண் ஏற்பட்டால் சிங்களப் பாடமே மேலோங்கி நிற்கும். இயற்றும் வரியைவிட அந்தக் கடைசி வரியைத்தான் தமிழ் வாசகர் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

எளிய மொழியில் எழுதவே முடியாதா?

ஓரளவு முடியும், எல்லாவற்றையும் முடியாது. பிரிவு எண்ணிக்கையைக் குறைப்பதை எளிமை என்று நம்பிவிடக் கூடாது. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் நியாய சன்ஹிதாவில் 358 ஆயின. பல பிரிவுகளை ஒன்றுக்குள் ஒன்றாக உட்பிரிவுகளாக அடுக்கியதும் இதற்கு ஒரு காரணம். வாக்கியங்களின் உடலமைப்பு பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. என்னைக் கேட்டால், சட்டத்தை நீளமாகவே விட்டுவிட்டு, அதனோடு மக்களுக்கு அனுப்பும் படிவத்தையும் அறிவிப்பையும் கடிதத்தையும் எளிதாக்கினால் பாதித் தொல்லை தீரும். அவற்றில் யாரும் ஓட்டை தேடப்போவதில்லை. இருந்தும் அவற்றையும் சட்டம்போலவே எழுதுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் எங்கே தொடங்கிப் படிப்பது?

முதல் பிரிவில், எப்போது நடைமுறைக்கு வருகிறது என்ற இடத்தில். இயற்றிய நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் பல நேரங்களில் வேறு வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஜூன் 15 அன்று ஒப்புதல் பெற்றது. சில பிரிவுகள் உடனே வந்தன. மற்றவை நூற்றிருபதாம் நாளில், அதாவது அக்டோபர் 12இல் வந்தன. ஒப்புதல் நாளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் சரியாக வரும்.

நாளைக் குறிக்காமல், அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் வரும் என்றும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாளைக் குறிக்கலாம் என்றும் எழுதியிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, விபத்தில் மரணம் விளைவித்து, தகவல் சொல்லாமல் தப்பிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் அதை எதிர்த்து வண்டிகளை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிப்பு, அந்த உட்பிரிவு நீங்கலாக மற்றவை ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்றது. இரு அவைகளும் நிறைவேற்றி, ஒப்புதலும் பெற்று, ‘இயற்றப்படுவதாகுக’ என்ற வரிக்குக் கீழே அச்சாகியிருந்த அந்த உட்பிரிவு, ஜூலை 1 அன்று புத்தகத்தில் மட்டும் இருந்தது.